ஏழடி உயரத்தில் பூச்சியம்

பசை அறையில் ஆபத்து எதுவும் இல்லை என்பது கரைப்பான் காப்பு வாரியத்தின் உறுதியான கருத்து. ஆறு வருடமாக அந்தக் கருத்தில் மாற்றமில்லை. கருத்துக்கு ஆதாரமாக ஒரு மானி, அறைச் சுவரில் தரையிலிருந்து சரியாக ஏழடி உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. காற்றில் கரைப்பானின் ஆவி எவ்வளவு கலந்திருக்கிறது என்று காட்டுவதும், அளவு மீறினால் அலறுவதும் அதன் வேலை. அது பூச்சியம் காட்டியது. ஆறு வருடமும் பூச்சியமே காட்டியது. இவ்வளவு ஒழுக்கமான கருவி வேறெங்கும் இல்லை என்று மெச்சி, அந்தச் செருப்புத் தொழிற்சாலைக்கு வாரியம் மூன்று முறை கேடயம் கொடுத்தது.

அந்த ஆறு வருடத்துக்கு முன்னால் மானி அந்த உயரத்தில் இருக்கவில்லை. மாட்ட வந்த ஃபிட்டர் வேலை தெரிந்த ஆள். முழங்கால் உயரத்தில் மாட்டிவிட்டுப் போனார். பேரேட்டில் டொலுவீன் என்றும் ஆட்கள் வாயில் தின்னர் என்றும் வழங்கும் அந்தக் கரைப்பானின் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனமானது. அது மேலே எழும்பாது. தரையோடு படுத்து, கதவிடுக்கில் நுழைந்து, எங்காவது ஒரு பொறி கிடைக்குமா என்று ஊர்ந்து போகும். இது ஃபிட்டருக்குத் தெரிந்திருந்தது. மானியின் திறப்பு விழாவுக்கு வந்த வாரியத் தலைவருக்குத் தெரிந்தது வேறு. மானியின் முகப்பில் வாரியத்தின் முத்திரை பொறித்திருந்தது. "நம்ம முத்திரை காலடியிலயா?" என்று மட்டும் கேட்டார். அன்று மாலைக்குள் மானி இடுப்பளவுக்கு ஏறியது. அடுத்த ஆய்வின்போது நெஞ்சளவு. முத்திரையை அதிகாரிகள் தலைநிமிர்ந்து பார்ப்பதே முறை என்று சுற்றறிக்கை வந்தபோது ஏழடி. ஒவ்வொரு முறை ஏறியபோதும் அது காட்டிய எண் இறங்கியது. தொழிற்சாலை வேகமாக முன்னேறுகிறது என்று வாரியம் குறித்துக்கொண்டது.

அந்த அறையில் வேலை செய்தவர் பசைக்காரர். வயது ஐம்பத்தெட்டு. நிமிர்ந்து நின்றால் அவருடைய மூக்கு ஐந்தடிக்குச் சற்று மேலே இருக்கும். அவர் எல்லா இடத்திலும் நிமிர்ந்துதான் நிற்பார். முதலாளி வந்தாலும் தலையை மட்டும் அசைப்பார், முதுகை அசைக்கமாட்டார். ஆனால் வேலை அப்படிப்பட்டதல்ல. பசைத் தொட்டியின் உயரம் இரண்டடி. ரப்பர் துண்டுகளை அதில் போட்டு, பீப்பாயிலிருந்து தின்னரை ஊற்றி, துடுப்பால் கிண்ட வேண்டும். ரப்பர் ஊறி, உப்பி, கரைந்து, தேன் பதத்துக்கு வரும். தின்னர் பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும். லேசான இனிப்பு வாடை. உள்ளே நுழைந்ததும் அந்த வாடை தெரியும். கொஞ்ச நேரத்தில் தெரியாது. வாடை போய்விட்டது என்று புது ஆள் நினைத்துக்கொள்வான். போனது வாடையல்ல, மூக்கு.

சன்னல்கள் மூடி முத்திரையிடப்பட்டிருந்தன. ஆவி தெருவுக்குப் போனால் தெருவுக்கென்று இருக்கும் இன்னொரு வாரியம் கேள்வி கேட்கும். கூரையில் ஒரு விசிறி சுழன்று, அங்கே ஏற்கெனவே சுத்தமாக இருந்த காற்றை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

பசைக்காரரின் குடும்பத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். நான்கு தலைமுறையாக அந்த வீட்டில் யாரும் குடித்ததில்லை. அவருடைய அப்பா, இருமல் மருந்துச் சீட்டில் ஒரு துளி சாராயம் கலந்திருப்பதாகப் போட்டிருந்ததால், இரண்டு மாதம் இருமியே தீர்த்தவர். பசைக்காரரும் லேசுப்பட்டவரல்ல. மகளுக்குப் பேசி முடித்த நல்ல சம்பந்தத்தை, மாப்பிள்ளையின் சித்தப்பா மாலையானால் தள்ளாடுவார் என்று கேள்விப்பட்டு, கையில் வாங்கிய காபியைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தவர். மனைவியின் தம்பி குடிப்பான். குடித்த நாளில் அவனுக்கு வாசற்படி வரைக்கும்தான் அனுமதி. சாப்பாட்டுத் தட்டு வெளியே போகும்; அவன் உள்ளே வரமாட்டான்.

இப்படிப்பட்டவர்தான் ஒரு வியாழக்கிழமை காலை பசை அறையில் பாட்டுப் பாடினார்.

தொட்டியின் அடிக்குழாய் அடைத்துக்கொண்டது. உள்ளே கட்டி. பசைக்காரர் குந்தி உட்கார்ந்து, குழாய் வாய்க்கு முகத்தைக் கொடுத்து, அரை மணி நேரம் கம்பியால் சுரண்டினார். எழுந்தபோது உடம்பு லேசாக இருந்தது. உலகத்தில் எல்லோரும் நல்லவர்களாகத் தெரிந்தார்கள். குடும்பப் புகைப்படத்தில்கூடச் சிரித்திராத அவர், கதவருகே வந்த மேற்பார்வையாளரைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தார். மகளைத் தூங்கவைக்கப் பாடிய தாலாட்டை முழுக்கப் பாடினார். பிறகு மேற்பார்வையாளரின் கன்னத்தைக் கிள்ளி, "சாப்பிட்டியா கண்ணு?" என்று கேட்டுவிட்டுச் சுவரோடு சரிந்தார்.

மேற்பார்வையாளர் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு அண்ணாந்து மானியைப் பார்த்தார். பூச்சியம். அவர் நியாயவான், யோசிக்காமல் எதையும் எழுதுபவரல்ல. அறையில் ஆவி இல்லை. ஆள் ஆடுகிறார். ஆகவே குடித்திருக்கிறார். பசைக்காரரின் பணிப் புத்தகத்தில் "குடிபோதை" என்று எழுதி, நேரத்தையும் போட்டார்.

வெளிக்காற்று பட்டு அரை மணி நேரத்தில் பசைக்காரருக்குத் தெளிந்தது. தலைவலி மண்டையைப் பிளந்தது. புத்தகத்தைக் காட்டினார்கள். தலைவலி அப்போதே மறந்துபோனது.

மேற்பார்வையாளர் நல்லவிதமாகத்தான் சொன்னார்: ஒன்றும் பெரிய விஷயமில்லை, கீழே ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், முதல் தடவை என்று மன்னித்துவிடுவார்கள், நாளைக்கே வேலைக்கு வரலாம். பசைக்காரர் புத்தகத்தை மூடி மேசையில் வைத்தார்.

"அந்த வார்த்தையை அடிச்சுட்டுக் கூப்பிடுங்க. வரேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார். நேராகத்தான் நடந்தார். கேட் வரைக்கும் எல்லோரும் அவர் நடையையே பார்த்துக்கொண்டிருந்ததால், வேண்டுமென்றே கூடுதல் நேராக நடந்தார்.

அவர் வீடு போய்ச் சேருமுன் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. வாசற்படியில் மைத்துனன் காத்திருந்தான். முப்பது வருடத்தில் முதல் முறையாக அவரைக் கட்டிப்பிடித்தான்.

"மாமா, இவ்வளவு நாள் எங்க போய் ஒளிஞ்சிருந்தீங்க? சொல்லியிருந்தா துணைக்கு வந்திருப்பேன்ல."

பசைக்காரர் அவன் கைகளை ஒவ்வொன்றாக எடுத்து அவனிடமே கொடுத்தார். உள்ளே போனார். மனைவி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். வைத்தபோது, தெரியாமல்தான், மூச்சை ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தாள். அந்த இழுப்பு அவரைக் கொன்றது. அன்று சாயங்காலம், பிறகு வேறு இடத்தில் மகளைக் கொடுத்த வீட்டுச் சம்பந்தி போன் செய்து, உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று ரொம்பவும் மரியாதையாகக் கேட்டார். சம்பந்தி அதுவரை அவரிடம் அவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை.

மறுநாள் பசைக்காரர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாரியத்துக்குப் போனார்.

கரைப்பான் காப்பு வாரியம் நான்கு மாடிக் கட்டடம். யாரை யாரிடமிருந்து காப்பது என்பதைப் பெயரில் சொல்லவில்லை. உள்ளேயும் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. சுவருக்கெல்லாம் அப்போதுதான் பெயின்ட் அடித்திருந்தார்கள். பசைக்காரர் வாசலில் நின்று ஒரு மூச்சு இழுத்ததுமே தெரிந்துகொண்டார்: பெயின்டில் கலந்தது அவருடைய தின்னரேதான். குளிர்சாதனத்துக்காகக் கதவு சன்னலெல்லாம் சாத்தியிருந்தன. எழுத்தர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, நெற்றியைப் பிடித்துக்கொண்டு வேலை செய்தார்கள். அவருடைய விண்ணப்பத்தை வாங்கிய எழுத்தர் முதலில் ஒரு தலைவலி மாத்திரையை விழுங்கினார்.

"ஒரு வாரமா ஆபீஸ் பூரா தலைவலி. கோப்பு ஜாஸ்தியாயிடுச்சுங்க, அதான்."

"பெயின்ட் வாடைங்க. சன்னலைத் திறந்து விடுங்க."

எழுத்தர் சுவரைப் பார்த்தார். அங்கே ஒரு மானி, ஏழடி உயரத்தில். "பூச்சியம்தானே காட்டுது" என்றார் பரிதாபமாக.

கோரிக்கை எளியது: ஒரு வார்த்தையை நீக்க வேண்டும். எழுத்தர் அனுதாபத்தோடு கேட்டுக்கொண்டு, அதிலிருந்த சிக்கலை விளக்கினார். பணிப் புத்தகத்தில் எழுதியதை அடிக்கக் கூடாது. வெள்ளை மையால் பூசித்தான் அழிக்க வேண்டும் என்பது விதி. வெள்ளை மையில் கரைப்பான் கலந்திருக்கிறது. ஊழியர் நலனை முன்னிட்டு வாரியக் கட்டடத்துக்குள் கரைப்பான் கலந்த எந்தப் பொருளும் வரக் கூடாது என்று போன வருடம் தடை போட்டுவிட்டார்கள். இதைச் சொன்னபோது எழுத்தரின் முழங்கை ஈரச் சுவரில் ஒட்டிக்கொண்டது. அவர் அதைப் பிடுங்கி எடுத்துத் தொடர்ந்து விளக்கினார்.

ஒன்பது நாள் கழித்து, முறைப்படி ஒரு சோதனைக்கு அழைத்தார்கள். குழாயில் ஊதச் சொன்னார்கள். ஊதினார். சாராயம் இல்லை. வாரிய முத்திரையோடு சான்றிதழ் கொடுத்தார்கள்: இன்னார் குடிக்காதவர். பசைக்காரர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். அப்படியானால் வார்த்தையை எடுத்துவிடலாமே என்றார். சோதனை அதிகாரி சிரித்தார். இன்றைக்குக் குடிக்கவில்லை என்பதால் அன்றைக்கும் குடிக்கவில்லை என்று ஆகிவிடுமா? மேலும், ஒன்பது நாளாகக் குடிக்காமல் இருக்க முடிகிறது என்றால் அவர் திருந்திவிட்டார் என்றல்லவா அர்த்தம்? திருந்துவதற்கு முன்னால் ஒன்று இருந்திருக்க வேண்டும்.

பசைக்காரர் விடவில்லை. மானியை முழங்கால் உயரத்துக்கு இறக்கிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும் என்று எழுதிக் கொடுத்தார். வாரியம் இதை மிகத் தீவிரமாக எடுத்துக்கொண்டது. அவரை நிற்கவைத்தும் குந்தவைத்தும் தரையிலிருந்து மூக்கு வரைக்கும் நாடா பிடித்து அளந்தார்கள். மூன்று பேர் கொண்ட குழு பதினொரு பக்க அறிக்கை கொடுத்தது. அதன் முடிவு: மானி சரியான உயரத்தில் இருக்கிறது, ஊழியரின் மூக்கு தவறான உயரத்தில் இருக்கிறது. பரிகாரமாக ஒரு ஸ்டூல் அனுப்பினார்கள். ஐந்தடி உயர ஸ்டூல். அதன்மேல் குந்தி உட்கார்ந்தால் மூக்கு மானிக்கு நேராக வரும். அங்கிருந்து தொட்டியைக் கிண்ட எட்டடித் துடுப்பு ஒன்று தனியாக வரும் என்று குறிப்பிட்டிருந்தார்கள்.

ஸ்டூலோடு ஒரு ஜோடி கையுறையும் வந்தது. தடித்த, நல்ல ரப்பர் கையுறை. பசைக்காரர் இருபத்தெட்டு வருடமாக ரப்பரைத் தின்னரில் போட்டுக் கரைப்பதையே தொழிலாகச் செய்பவர். அவர் அந்தக் கையுறையை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதையும் ஸ்டூலையும், தனக்குப் பதிலாகப் பசை அறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஆளுக்குக் கொடுத்தனுப்பினார். அவன் கையுறையைப் போட்டுக்கொண்டு தொட்டியில் கைவிட்டான். சாயங்காலத்துக்குள் கையுறையின் விரல்கள் உப்பித் தளர்ந்து பசையோடு பசையாகப் போயின. அந்தத் தொட்டிப் பசை மற்ற நாளைவிட நன்றாக ஒட்டியது என்று செருப்புப் பிரிவில் சொன்னார்கள்.

இதற்குள் ஒரு மாதம் ஓடிவிட்டது. கையெழுத்துப் போடச் சொல்லாத ஆள் இல்லை. மேற்பார்வையாளர் சொன்னார். மகள் அழுதுகொண்டே சொன்னாள். மைத்துனன் இன்னும் ஒரு படி மேலே போய், போட்டால் அனுபவசாலியாக அவரைத் தன் நண்பர்களுக்கு அறிமுகம் செய்வதாகச் சொன்னான். அந்த அறையில் ஆள் எடுக்கிறார்களா என்றும் விசாரித்தான். பசைக்காரர் கையெழுத்துப் போடவில்லை. நான்கு தலைமுறை தொடாததை, தொடாமலே ஒப்புக்கொள்ள அவரால் முடியவில்லை.

கடைசியில் நேரடி விசாரணை என்று முடிவானது. வாரியத் தலைவரே பசை அறைக்கு வந்தார். கூடவே செயலாளர், எழுத்தர், குழுவின் மூன்று பேர். பசைக்காரரையும் வரச் சொல்லியிருந்தார்கள். தீயணைப்புக்கு ஏற்பாடு உண்டா என்று செயலாளர் கேட்டார். ஒரு வாளித் தண்ணீரைக் காட்டினார்கள். தின்னர் தண்ணீரில் மிதக்கும், தண்ணீரை ஊற்றினால் நெருப்பு மிதந்துகொண்டே ஊர்கோலம் போகும் என்று பசைக்காரர் சொன்னார். வாளி சுத்தமாக இருக்கிறது என்று செயலாளர் எழுதிக்கொண்டார். பீப்பாயில் மின்பொறி பறக்காமல் இருக்கத் தரையோடு இணைத்துக் கட்ட வேண்டிய கம்பியில் ஆட்களின் துண்டைக் காயப்போட்டிருந்தார்கள். அதையும் பாராட்டினார்கள், இடத்தை வீணாக்கவில்லை.

தலைவர் பருத்த உடம்புக்காரர். மானிக்குக் கீழே நின்று பேசினார்.

"டொலுவீன்னா என்னன்னு நினைச்சீங்க? அது இல்லாம பெயின்ட் இல்லை, அச்சு மை இல்லை, பசை இல்லை, பொம்பளைங்க நகத்துக்குப் பூசறது இல்லை. அதுல கெடுதல்னு பேசறவங்க முதல்ல செருப்பைக் கழட்டி வச்சுட்டுப் பேசட்டும். ஆபத்துன்னு ஒண்ணு இருந்தா எங்களுக்குத் தெரியாம இருக்குமா? எங்களுக்குத் தெரியலை. அதனால அது இல்லை. நான் இந்தப் பதவியில பதினாலு வருஷம். ஒரு நாள்கூட எனக்குத் தலை சுத்தினதில்லை. ஏன்? நான் விதிப்படி நிக்கறேன்."

எல்லோரும் கை தட்டினார்கள். தலைவர் கையசைத்தபோது சட்டைப் பையிலிருந்த வெள்ளிப் பேனா விழுந்து, உருண்டு, தொட்டிக்கு அடியில் போய்விட்டது.

அது மாமியார் கொடுத்த பேனா. தலைவரின் வீட்டில் மாமியாரின் ஆட்சி. அந்தப் பேனா இல்லாமல் வீட்டுப்படி ஏறுவது நடக்காத காரியம். யார் எடுப்பது என்பதில் பேச்சு எழுந்தது. எழுத்தர் குனிந்தார், தலைவரின் பொருளைத் தொட அவருக்குப் பதவி போதாது என்று செயலாளர் தடுத்தார். செயலாளருக்கு முதுகு பிடிப்பு. குழுவின் மூவரில் மூத்தவர் யார் என்பது நான்கு வருடமாக வழக்கில் இருக்கிறது. தலைவர் சலித்துப்போய்த் தாமே குந்தினார்.

"ஐயா, அங்க குந்தாதீங்க. இப்பத்தான் தொட்டியில ஊத்தியிருக்காங்க" என்றார் பசைக்காரர்.

தலைவர் கீழேயிருந்து ஒரு விரலை மட்டும் நீட்டி மானியைக் காட்டினார்.

பேனா காய்ந்த பசையில் ஒட்டிக்கொண்டிருந்தது. தலைவர் முகத்தைத் தரையோடு வைத்து இழுத்தார். தலைவர் இல்லாத நேரத்திலும் நடவடிக்கை நிற்கக் கூடாது என்பதால் செயலாளர் ஆண்டறிக்கையை வாசிக்க ஆரம்பித்தார். வாசிக்கும்போது குறுக்கே யாரும் பேசக் கூடாது. பசைக்காரர் இரண்டு முறை பேசினார். இரண்டு முறையும் உட்காரச் சொன்னார்கள். ஆறாவது பக்கத்தில் தொட்டிக்கு அடியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. எட்டாவது பக்கத்தில் பாட்டு. ஒன்பதாவது பக்கத்தில் தலைவர் எழுந்து நின்று, எட்டடித் துடுப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, அதை அத்தை என்று கூப்பிட்டு, பேனா கிடைத்துவிட்டது என்று அழுதார். எழுத்தரின் நெற்றியில் முத்தம் கொடுத்தார். பிறகு செயலாளரின் மடியில் சரிந்தார்.

அத்தனை பேரும் அண்ணாந்து மானியைப் பார்த்தார்கள். பூச்சியம். 

பசைக்காரர்தான் தலைவரை அக்குளில் கைகொடுத்து இழுத்து, முற்றத்துக்குக் கொண்டுபோய், காற்றுப்படக் கிடத்தி, கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டார். தெளிவதற்குள் செயலாளர் அவசரப்பட்டுக் காரில் ஏற்றி அனுப்பிவிட்டார். வீட்டு வாசலில் இறங்கியபோதும் தலைவர் பாடிக்கொண்டிருந்தார். கதவைத் திறந்தது மாமியார்.

நடவடிக்கைக் குறிப்பில் எழுத்தர் எழுதியது: தலைவர் கடமை உணர்ச்சி மேலிட்டு நெகிழ்ந்தார்.

நான்காம் நாள் மாலை தலைவர் பசைக்காரரின் வீட்டுக்கு வந்தார். கூட யாரும் இல்லை. மூன்று ராத்திரி சோபாவில் படுத்த முகம். வாசற்படியில் இருந்த மைத்துனன் அவரைப் பார்த்ததும் புரிந்துகொண்டு, உட்கார இடம் ஒதுக்கினான். பசைக்காரர் உள்ளே அழைத்து நாற்காலி போட்டார்.

தலைவர் விஷயத்தைச் சுற்றிச் சுற்றிச் சொன்னார். வாரியத்தின் நடவடிக்கைக் குறிப்பைக் காட்டியும் மாமியார் நம்பவில்லை. வாரியத்தில் இருக்கிறவர்கள் எல்லோரும் சேர்ந்துதானே குடித்திருப்பீர்கள் என்கிறாள். குடிக்காத ஆள் ஒருத்தரைக் கூட்டிவந்து சொல்லச் சொன்னால் நம்புகிறேன் என்கிறாள். தலைவர் தேடிப் பார்த்தார். வாரியத்தின் கோப்பிலேயே, குடிக்காதவர் என்று முத்திரையோடு சான்றிதழ் வாங்கிய ஆள் ஒரே ஒருத்தர்தான் இருந்தார்.

"நீங்க ஒரு எட்டு வந்து சொல்லிட்டீங்கன்னா போதும் பெரியவரே. அன்னைக்கு அந்த ரூம்ல ஆவி இருந்துச்சு, அதனாலதான்னு. ஒரே ஒரு வார்த்தை."

"என் புத்தகத்துலயும் ஒரே ஒரு வார்த்தைதாங்க" என்றார் பசைக்காரர். "குடிகாரன் வந்து இன்னொருத்தர் குடிக்கலேன்னு சொன்னா உங்க அத்தை நம்புவாங்களா?"

தலைவர் பையிலிருந்து அந்தப் பணிப் புத்தகத்தை எடுத்தார், கொண்டுதான் வந்திருந்தார். வெள்ளிப் பேனாவால் அந்த வார்த்தையைக் குறுக்கே அடித்தார். விதிப்படி அடிக்கக் கூடாது என்று பசைக்காரர் நினைவூட்டினார். தலைவர் இன்னொரு முறை அழுத்தி அடித்துக் கையெழுத்தும் போட்டார். புறப்படலாமா என்று எழுந்தார்.

பசைக்காரர் எழவில்லை.

"மானி இன்னும் ஏழடியிலதான் இருக்கு."

"அதுக்குக் குழு கூடணும். ஆறு மாசம் ஆகும். அதை அப்புறம் பாத்துக்கலாம்."

"சரிங்க. நான் பொய் சொல்ற ஆளில்லை. உங்க அத்தைகிட்ட உள்ளதைச் சொல்றேன். அன்னைக்கு மானி பூச்சியம் காட்டுச்சு. ஆவி இல்லை. ஆவி இல்லாம ஆடற ஆளுக்கு என்ன பேருன்னு உங்க வாரியமே எழுதி வச்சிருக்கு."

தலைவர் போனை எடுத்தார். மேற்பார்வையாளரைக் கூப்பிட்டார். அவர் போனை வைப்பதற்குள் மானி முழங்காலுக்கு இறங்கியது. இறங்கிய மறு நொடி அலற ஆரம்பித்தது. ஆறு வருடமாக அடக்கிவைத்திருந்ததையெல்லாம் அலறியது. போனிலேயே சத்தம் கேட்டது.

மாமியாரிடம் பசைக்காரர் உள்ளதைச் சொன்னார். அந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாள்: மாப்பிள்ளை அதற்கு முன்னால் என்றைக்காவது அந்தத் தரைக்குக் குனிந்து பார்த்திருக்கிறாரா? இல்லை, பதினாலு வருடத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவை, அதுவும் பேனாவுக்காக என்றார் பசைக்காரர். "அப்ப நம்பறேன்" என்றாள். தலைவருக்கு அன்று கட்டிலில் இடம் கிடைத்தது.

பசைக்காரர் வீட்டுக்கு வந்து புத்தகத்தை மனைவியிடம் காட்டினார். அடித்த கோட்டுக்குக் கீழே எழுத்து இன்னும் லேசாகத் தெரிந்தது. அவள் அதைப் பூட்டி வைத்தாள். தண்ணீர் கொண்டுவந்து வைத்தபோது, அவர் கவனித்தார், மூச்சை இழுக்கவில்லை.

மறுநாள் வேலைக்குப் போனார். மானி அலறியது. மானி அலறினால் ஆட்கள் அறையைவிட்டு வெளியேற வேண்டும் என்பது வாரியத்தின் விதி. மானி அலறவே அலறாது என்ற நம்பிக்கையில் போட்ட விதி. பசைக்காரர் விதிப்படி வெளியேறி முற்றத்தில் நின்றார். மறுநாளும் அலறியது, மறுநாளும் நின்றார். அலறல் சத்தம் காதுக்குக் கெடுதல் என்று வாரியம் பஞ்சு அனுப்பியது. அவர் பஞ்சைக் காதில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றார். ஐந்தாம் நாள் செருப்பு ஒட்டப் பசை இல்லை. ஆறாம் நாள் முதலாளி சுவரின் அடியில் ஓட்டை போட்டு, தரையோடு காற்றை இழுக்கும் விசிறி வைத்து, சன்னல் முத்திரையைத் தாமே உடைத்தார். மானி ஓய்ந்தது.

அடுத்த மாதம் விழா. ஆவி தரையில்தான் இருக்கும் என்பதைத் தலைவர் தம் உடலை வருத்திக் கண்டுபிடித்ததற்காகப் பசை அறைச் சுவரில் ஒரு கல் பதித்தார்கள். தலைவர் திரையை விலக்கி, உண்மையைத் தேடிக் குனியாதவன் தலைவனாக முடியாது என்று பேசினார். வாரியத்தின் முத்திரை பொறித்த கல் என்பதால் அதை ஏழடி உயரத்தில் பதித்திருந்தார்கள்.

பசைக்காரர் கூட்டத்தின் கடைசியில் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார். அவர் நின்ற இடத்திலிருந்து எழுத்து தெரியாது என்று எழுத்தருக்குத் தோன்றியது. மூலையில் கிடந்த ஐந்தடி ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஏறி நின்னு படிங்க பெரியவரே. உங்களைப் பத்தியும் கடைசி வரியில ஒரு வார்த்தை போட்டிருக்கு."

"வேண்டாம். எனக்குக் கீழே வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு, பசைக்காரர் துடுப்பை எடுத்துக்கொண்டு தொட்டியின் பக்கத்தில் குந்தினார்.